ஸ்கூலடி வீதிப் பலகைகள்: வாசிக்கும் முறையும் வேலைசெய்ய வைக்கும் முறையும்

தபால் கந்தோர் கவுன்டரில் 26 வருடம் இருந்தவன் நான். முத்திரை, மணியோடர், பதிவுத் தபால் எல்லாவற்றோடும் பொலிஸ் எழுதிக் கொடுக்கும் தண்டப்பணச் சீட்டுக்கும் காசு வாங்கியிருக்கிறேன். சீட்டை நீட்டுபவரிடம் "எங்கே பிடிச்சவங்கள்?" என்று கேட்பது என் வழக்கம். "ஸ்கூலடியில ஐயா. பிள்ளையை இறக்க ஒரு நிமிஷம்தான் நிப்பாட்டினனான்" என்பார்கள். இன்னும் சிலர் "போர்ட் ஒண்டும் இருக்கேல்லை" என்பார்கள். பற்றுச்சீட்டை அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இளைப்பாறிய பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போய் விடுவது என் பொறுப்பு. தினமும் அந்த வாசலில் நின்று பார்த்தபோதுதான் கவுன்டரில் கேட்ட இரண்டு பதிலுக்கும் அர்த்தம் புரிந்தது. பலகை இருந்தும் அது என்ன கேட்கிறது என்று தெரியாதவர்கள் பலர். பலகை இருக்க வேண்டிய இடத்தில் மரக்கிளை மட்டும் இருந்த ஒழுங்கைகளும் உண்டு. இரண்டையும் நாமே சரிப்படுத்தலாம். எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன்.

வடிவத்தை முதலில் பாருங்கள்

படத்தைப் பார்க்க முதல் வடிவத்தைப் பார்க்கப் பழகுங்கள். சாய்சதுரமாக நிற்கும் மஞ்சள் பலகை எச்சரிக்கை. சிவப்பு வளையம் போட்ட வட்டப் பலகை கட்டளை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாடசாலைக்கு முன்னால் வழக்கமாக நிற்பது மஞ்சள் சாய்சதுரம்தான். பிள்ளைகளின் உருவம் இருக்கும். 'முன்னால் பிள்ளைகள் வருவார்கள், அக்சிலேற்றரில் இருந்து காலை எடு' என்று அது சொல்கிறது. அதில் வேக அளவு எழுதியிருக்காது. ஆகவே அந்த இடத்தில் வேறு வட்டப் பலகை இல்லாவிட்டால், நகருக்குள் கார், வேன், மோட்டார் சைக்கிளுக்கு உள்ள பொதுவான 50 கிலோமீற்றரும் ஓட்டோவுக்குள்ள 40 கிலோமீற்றரும்தான் சட்டத்தின் எல்லை. அந்த வேகத்தில் ஸ்கூல் வாசலைக் கடக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வேகத்தைக் குறைக்கும்படி பொலிஸ் ஒருவரைக் கட்டாயப்படுத்த வேண்டுமென்றால் இலக்கம் எழுதிய வட்டப் பலகை அங்கே தேவை. எங்கள் பெற்றோர் கூட்டங்களில் 'போர்ட் போடுங்கோ' என்று கேட்கும்போது எந்தப் போர்ட் என்று யாரும் சொல்வதில்லை. சாய்சதுரத்தைக் கேட்டால் சாய்சதுரம்தான் வரும்.

நிறுத்தும் விஷயத்தில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நீலத் தட்டில் சிவப்பு வளையமும் ஒரேயொரு குறுக்குக் கோடும் இருந்தால் வாகனத்தை அங்கே தரித்து வைக்கக் கூடாது. சாரதி ஆசனத்தில் இருக்க, பிள்ளை இறங்கி உடனே கிளம்பினால் பிழையில்லை. கோடு இரண்டாகிக் குறுக்கும் மறுக்குமாகப் போனால் ஒரு கணம் நிறுத்துவதும் கூடாது. என் கவுன்டருக்கு வந்த 'ஒரு நிமிஷம்' ஆட்களில் பலர் இந்த இரட்டைக் கோட்டின் கீழ் நின்றவர்கள். அங்கே ஒரு நிமிஷத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

தட்டுக்குக் கீழே சின்னச் செவ்வகப் பலகை இருந்தால் அதைக் கட்டாயம் வாசியுங்கள். எந்த நேரம், எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கும். அரச பாடசாலைகள் காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை. நேரம் எழுதிய பலகைகளும் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நெருக்கடியைக் குறி வைத்தவை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது நிறுத்திய அதே இடத்தில் திங்கட்கிழமை காலை நிறுத்தினால் சீட்டு கிடைப்பது இதனால்தான்.

ஊதுகுழலைக் குறுக்கே வெட்டிய வட்டம் ஹோர்ன் அடிக்காதே என்பது. எண்கோணச் சிவப்புப் பலகை கண்டால் வாகனம் முழுதாக நிற்க வேண்டும். உருட்டிக்கொண்டே போவது நிற்பது ஆகாது. பொலிஸ்காரர் வீதியில் நின்று கைகாட்டினால் விளக்கையும் பலகையையும் விட்டு அவருடைய கையைத்தான் பார்க்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தாலும் அப்படித்தான்.

கடவைக்கு வருவோம். இப்போது வெள்ளை வண்ணத்தில் அடித்திருந்தாலும் நாங்கள் இன்னும் 'மஞ்சள் கோடு' என்றே சொல்கிறோம். அதில் கால் வைத்தவருக்கு வாகனம் வழிவிட வேண்டும். கடவைக்கு மேல் வாகனத்தை நிறுத்தக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை அந்த இடத்தில் முந்தக் கூடாது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தக் கடைசி விதியை வையுங்கள். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் கடவையில் நின்று பிள்ளைகளுக்கு வழிவிடும். பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிளம்புவார்கள். பஸ்ஸின் மறைவிலிருந்து மோட்டார் சைக்கிள் வெளியே வரும். ஆகவே என் பேத்திக்குப் பழக்கியது இதுதான்: நின்ற வாகனத்தின் விளிம்பு வரை நட, அங்கே நில், தலையை நீட்டிப் பார், பிறகு நட. "பஸ் நிண்டா போதாது, பக்கத்து வழியும் நிக்கோணும்" என்று அவளே இப்போது சொல்கிறாள்.

நாற்பது எட்டும் பத்தொன்பது எட்டும்

வேகத்தைக் குறை என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. எட்டு, அதாவது காலடி, எண்ணிக் காட்டினால் உறைக்கும்.

50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் ஆகும். பிறகு ரயர் பிடித்து நிற்க, காய்ந்த வீதியில் இன்னொரு 14 மீற்றர். மொத்தம் 28. 30 கிலோமீற்றரில் அதே கணக்கு 13 மீற்றரில் முடிந்துவிடும். மழை பெய்தால் இரண்டும் கூடும்.

ஒரு சனிக்கிழமை, வாகனம் இல்லாத நேரம் பார்த்து, ஸ்கூல் வாசல் கடவையிலிருந்து என் நடையில் எண்ணினேன். பத்தொன்பது எட்டில் பெட்டிக்கடை வந்தது. நாற்பது எட்டில் தையல்காரரின் கடையையும் தாண்டி அடுத்த வீட்டுக் கேற்றுக்குப் போய்விட்டேன். பெட்டிக்கடைக்கும் அந்தக் கேற்றுக்கும் இடையில் நான்கு வாசல்கள். 50 இல் வருபவர் அந்தக் கேற்றடியிலேயே பிள்ளையைக் கண்டிருந்தால்தான் கடவைக்கு முன் நிற்க முடியும். நீங்களும் உங்கள் ஸ்கூலடியில் இதைச் செய்து பாருங்கள். ஆண்களின் நீட்டு எட்டு ஒன்று ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். இலக்கங்களை விட அந்தக் கேற் மனதில் நிற்கும்.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். பேத்தியின் உயரத்தை அளந்தேன். அப்போது 112 சென்ரிமீற்றர். அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், கடவைக்கு அருகே, அவளுடைய கண் வரும் அளவுக்குக் குந்தினேன். முன்னால் ஒரு வெள்ளை வேன் தரித்திருந்தது. எனக்குத் தெரிந்தது அதன் சில்லும் கதவில் ஒட்டிய சேறும் மட்டும்தான். ஒழுங்கை முழுவதும் மறைந்துவிட்டது. எழுந்து நின்றால் சந்தி வரை தெரிகிறது, குந்தினால் ஒரு சில். நான் இவ்வளவு நாளும் "பார்த்துக் கட" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதைப் பார்ப்பது? தரிக்காதே என்ற நீலத் தட்டு கடவைக்குப் பக்கத்தில் ஏன் தேவை என்பது அந்த நிமிடம் எனக்கு விளங்கியது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் இது நடந்தது. வேன் ஒன்றின் மறைவிலிருந்து நாங்கள் இறங்கும்போது எதிரே வந்த இன்னொரு வாகனத்தின் பக்கக் கண்ணாடி பேத்தியின் பையைத் தட்டியது. பையின் ஓரப் பொக்கெற்றில் இருந்த தண்ணீர்ப் போத்தல் தெறித்து வீதியில் உருண்டது. பின் சில்லு அதன் மேல் ஏறியது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. சப்பளிந்த அந்த ஊதாப் போத்தலை அவள் எடுக்கக் குனிந்தபோது நான் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அழுதுவிட்டாள். "போத்தலுக்காக இல்ல, அம்மப்பா கத்தினதுக்காக" என்று பிறகு தாயிடம் சொன்னாளாம்.

இறக்குவது எப்படி

பத்து நிமிடம் முந்திக் கிளம்புங்கள். ஏழு மணிக்கு முன் வருபவருக்கு எங்கும் இடம் இருக்கும். ஏழு இருபதுக்கு வருபவர்தான் இரட்டைக் கோட்டின் கீழ் நிற்கிறார். வாசலில் இடமில்லாவிட்டால் ஒழுங்கைக்குள் நுழையவே வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் அனுமதி உள்ள இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடந்து வரலாம். ஐந்து நிமிட நடை பிள்ளைக்கும் நல்லது.

நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டவர். ஆகவே பிள்ளை இடப்பக்கக் கதவால், நடைபாதைப் பக்கம்தான் இறங்க வேண்டும். வலப்பக்கக் கதவுக்குப் பிள்ளைப் பூட்டைப் போட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஸ்கூல் இருந்தால், வாகனம் போன பிறகு கடக்கச் சொல்லுங்கள். அதன் முன்னாலும் பின்னாலும் நுழைந்து போவதுதான் ஆபத்து. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் பிள்ளைக்கும் அளவான ஹெல்மெட் வாங்குங்கள். தகப்பனின் பழைய ஹெல்மெட்டைப் பிள்ளையின் தலையில் கவிழ்ப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. விழும்போது அது தலையில் நிற்காது.

கடவையில் யாராவது வாகனத்தை நிறுத்தினால் சண்டைக்குப் போகாதீர்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், "தம்பி, ஒரு உதவி. பிள்ளையள் கடக்கிற இடம், ஒரு பத்தடி முன்னுக்கு எடுத்தால் அதுகளுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். நான் இப்படிக் கேட்டுப் பத்துப் பேரில் எட்டுப் பேர் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் "ஐயா பொலிஸோ?" என்று கேட்டார். "இல்லை, அந்தப் பிள்ளையின்ர அம்மப்பா" என்றேன். அவரும் எடுத்தார்.

சீட்டு கிடைத்தால்

இது என் பழைய தொழில், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். பொலிஸ், சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு சீட்டைத் தரும். அந்தச் சீட்டு 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லும். அதற்குள் தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டை, தண்டச் சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் 28 ஆம் நாள் வரை இரட்டைத் தொகை. அதையும் விட்டால் நீதிமன்றம்.

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒருவர் பதினைந்தாம் நாள் காலையில் வந்து, "நேற்று போயா, கந்தோர் பூட்டு" என்றார். உண்மைதான், பூட்டியிருந்தது. ஆனால் சீட்டில் இருந்த திகதியை என்னால் மாற்ற முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளை, சம்பளம் வர இன்னும் ஒரு கிழமை என்று சொல்லிக்கொண்டே இரட்டைத் தொகையை எண்ணி வைத்தார். சீட்டு கிடைத்த அன்றே கலண்டரில் பத்தாம் நாளை வட்டமிடுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். 2025 இலிருந்து கவ்பே என்ற அரசின் ஒன்லைன் சேவை வழியாகவும் தண்டப்பணம் கட்டும் முறை வந்திருக்கிறது.

பொலிஸ் நேரில் நிறுத்தாவிட்டாலும் சீட்டு வரலாம். 2024 ஜனவரி 22 இலிருந்து கொழும்பு நகரில் சிசிரிவி கமெராக்களைப் பார்த்து வாகன விதிமீறலுக்கு நடவடிக்கை எடுக்கிறார்கள். வாகனம் பதிவாகியுள்ள பெயருக்கு அறிவித்தல் போகும். வாகனத்தை விற்றவர்கள் உடனே பெயர் மாற்றிக்கொள்வது இதனாலும் நல்லது.

மறைந்த பலகையை வெளியே கொண்டுவருவது

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு சாய்சதுரம் இருக்கிறது. அதன் மேல் வேப்பங்கிளை படர்ந்திருந்தது. கீழ்ப்பாதியில் ரியூஷன் வகுப்பின் பதாகையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஓட்டுபவருக்குத் தெரிந்தது மஞ்சள் மூலை ஒன்று மட்டும்.

நான் எழுதிய முதல் கடிதம் பயனில்லாமல் போனது. 'ஸ்கூலுக்கு முன் உள்ள பலகை தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். எந்தக் கம்பம், எந்தப் பக்கம் என்று கேட்டுப் பதில் வந்தது. அவர்கள் கேட்டது நியாயம். ஆகவே நீங்கள் எழுதும்போது முதலில் இதைச் செய்யுங்கள்.

வீதி யாருடையது என்று கண்டுபிடியுங்கள். காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. அது போன்ற ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. நகருக்குள் உள்ள ஒழுங்கைகள் கொழும்பு மாநகர சபைக்கு உரியவை. சரியான இடத்துக்கு எழுதினால் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு அலையாது. பலகையைச் சாரதி வரும் திசையிலிருந்து, நாற்பது எட்டுத் தள்ளி நின்று படம் எடுங்கள். கிட்டப்போய் எடுத்த படத்தில் கிளை இருப்பதே தெரியாது. பக்கத்து மின்கம்பத்தில் எழுதியுள்ள இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மேற்படி ஒழுங்கையில் சந்தியிலிருந்து உள்ளே வரும் திசையில் இடப்பக்கம், இணைப்பில் இலக்கம் குறித்துள்ள மின்கம்பத்துக்கு அருகே உள்ள 'பிள்ளைகள்' எச்சரிக்கைப் பலகை வேப்பங்கிளையாலும் பதாகையாலும் மறைந்துள்ளது. 28 மீற்றர் தூரத்திலிருந்து எடுத்த படம் இணைப்பு 1. பாடசாலை தொடங்கும் முன்னும் விடும்போதும் சிறுவர்கள் இவ்விடத்தில் கடக்கின்றனர். பலகையை வெளிப்படுத்தித் தருவதோடு, கடவையின் இருபுறமும் தரித்தலைத் தடைசெய்யும் பலகை வைப்பது பற்றியும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

குறை, இடம், படம், கேட்பது. வேறொன்றும் வேண்டாம். கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழ் ஆட்சிமொழி. பதில் தமிழில் கிடைப்பது உங்கள் உரிமை. அதிபரின் கையெழுத்துள்ள ஒரு வரி கூட இருந்தால் கடிதத்தின் கனம் கூடும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். தபால்காரன் சொல்கிறேன்: பதிவு இலக்கம் உங்களிடம் இருக்கும் வரை 'கிடைக்கவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது.

வேக எல்லைப் பலகை கேட்பதானால் ஒரு வாதம் உதவும். 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் நடந்த வீதிப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது என்று வலியுறுத்துகிறது. ஸ்கூல் வாசலை விடக் கலக்கும் இடம் எது?

பதிலே வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். 'இந்தத் திகதியில் அனுப்பிய கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை தொடர்பான பதிவுகளின் பிரதி' என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

பலகை இருந்தும் யாரும் மதிக்காவிட்டால், அது பொலிஸின் வேலை. நிலையப் பொறுப்பதிகாரியிடம் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து போய், எந்த நாள், எந்த நேரம், எத்தனை வாகனம் என்று ஐந்து நாட்கள் குறித்த தாளைக் கொடுங்கள். காலையில் 7 இலிருந்து 7.30 வரை ஒருவரை நிறுத்தக் கேட்பது சிறிய வேண்டுகோள், மறுப்பது கடினம். 2025 ஜனவரியில் பொலிஸ் தொடங்கிய ஈ-ட்ரஃபிக் செயலியில் காணொளியாகவும் முறையிடலாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை மட்டும் எங்கும் பகிராதீர்கள். யாருக்காவது அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ். இந்த இரண்டு இலக்கத்தையும் பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள்.

எங்கள் கிளையை வெட்டினார்கள். பதாகையை ரியூஷன்காரரே வந்து கழற்றினார், நான் ஒரு தடவை கேட்டதும். நீலத் தட்டு கடவையின் ஒரு பக்கத்தில் வந்திருக்கிறது. மற்றப் பக்கத்துக்கு எழுதிய கடிதத்தின் பதிவுச் சீட்டு என் மேசை லாச்சியில்.

வேப்பமரம் திரும்பவும் வளரும், கடவை வண்ணம் மழையில் மங்கும். அதனால் ஒவ்வொரு தவணையின் முதல் திங்கட்கிழமையும் நாற்பது எட்டுத் தள்ளி நின்று அதே படத்தை எடுக்கிறேன். இந்தத் தவணை பேத்தியைச் சுவரோடு நிறுத்தி அளந்தபோது 115 வந்தது. புதிய அளவுக்கு, அவள் நிற்கும் இடத்தில் திரும்பவும் குந்திப் பார்த்தேன். தட்டு வந்த பக்கத்தில் வேன் எதுவும் இல்லை. சந்தி வரை தெரிந்தது.